குவாங்சோ பயணம்: தேதி முதல் திரும்பும் நாள் வரை முழு ஏற்பாடும் செலவுக் கணக்கும்

தென்சீனாவின் வணிக நகரான குவாங்சோவில் ஒரு வாரம் தங்கிவர எவ்வளவு ஆகும் என்பதை அங்கே சாப்பிடும் சாப்பாடோ ஏறும் டாக்சியோ தீர்மானிப்பதில்லை. எந்தத் தேதியில் போகிறீர்கள், விசாவில் எத்தனை முறை நுழையலாம் என்று இருக்கிறது, போனிலிருந்து பணம் கட்டும் வசதி ஊரிலேயே தயாரானதா என்ற மூன்றும்தான் பையைக் காலி செய்பவை. மூன்றுமே விமானம் ஏறுவதற்கு முன்பே முடிய வேண்டியவை. அதனால் இந்த வழிகாட்டியில் பாதிக்கு மேல் புறப்படும் முன் செய்ய வேண்டிய வேலைகளைப் பற்றியது.

முதலில் தேதி

குவாங்சோவின் பெரிய வணிகக் கண்காட்சியான கான்டன் ஃபேர் 1957 முதல் நடக்கிறது. ஆண்டுக்கு இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் மூன்று கட்டம். வசந்த காலத்தில் ஏப்ரல் 15–19, 23–27, மே 1–5. இலையுதிர் காலத்தில் அக்டோபர் 15–19, 23–27, அக்டோபர் 31–நவம்பர் 4. முதல் கட்டத்தில் மின்னணு சாதனங்கள், இயந்திரங்கள், வண்டிகள், ஹார்டுவேர், விளக்குகள். இரண்டாவதில் வீட்டுப் பொருட்கள், பரிசுப் பொருட்கள், கட்டுமானப் பொருட்கள், மரச்சாமான்கள். மூன்றாவதில் பொம்மை, துணி, காலணி, எழுதுபொருள், உணவு. ஸ்டேஷனரி வாங்க வந்தவர் முதல் கட்டத்தில் வந்து இறங்கினால் அவருக்கு அங்கே பார்க்க ஒன்றும் இருக்காது. உங்கள் சரக்கு எந்தக் கட்டத்தில் வருகிறது என்பதைக் கண்காட்சியின் இணையதளத்தில் உறுதி செய்துகொண்டு, பிறகு டிக்கெட் போடுங்கள்.

கண்காட்சிக்குப் போகாதவர்கள் அந்த நாட்களைத் தவிர்ப்பதே நல்லது. ஓட்டல் வாடகை இரண்டு மடங்குக்கு மேல் ஏறிவிடும். அறை கிடைப்பதே பாடு.

இன்னும் இரண்டு காலங்களை எல்லோரும் தவிர்க்க வேண்டும். ஒன்று, அக்டோபர் 1 முதல் ஒரு வாரம் நீளும் தேசிய தின விடுமுறை. மற்றொன்று சீனப் புத்தாண்டு. 2026-இல் அது பிப்ரவரி 17. 2027-இல் பிப்ரவரி 6. விடுமுறை என்னவோ ஒரு வாரம்தான். ஆனால் தொழிற்சாலை ஆட்கள் அதற்கு முன்பே ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள், பிறகும் மெதுவாகத்தான் திரும்புவார்கள். மொத்தச் சந்தைகளில் முன்னும் பின்னுமாக மூன்று நான்கு வாரம் வேலை ஓடாது. மே 1 விடுமுறை வசந்தக் கண்காட்சியின் மூன்றாம் கட்டத்தோடு மோதுகிறது என்பதால், அந்த நாட்களில் வேறு ஊருக்கு ரயிலில் போக நினைப்பவர்கள் முன்கூட்டியே டிக்கெட் எடுத்தாக வேண்டும்.

வானிலைக்கு அக்டோபர் பிற்பகுதியும் நவம்பரும்தான் அருமை: வெயில் கடுமை இல்லை, மழை இல்லை. மார்ச், ஏப்ரலில் காற்றில் ஈரம் அவ்வளவு ஏறும், சுவரும் தரையும் வியர்க்கும். அப்போது வாங்கும் துணி, தோல் மாதிரிகளை பிளாஸ்டிக் உறையில் போட்டு வைக்காவிட்டால் பூசணம் பூத்துவிடும். மே முதல் செப்டம்பர் வரை கனமழை. கோடையின் பிற்பகுதியில் சூறாவளியும் வரும்.

விசா: எத்தனை நுழைவு என்பதைப் பாருங்கள்

இந்தியக் கடவுச்சீட்டுக்கும் இலங்கைக் கடவுச்சீட்டுக்கும் முன்கூட்டியே விசா வேண்டும். பல நாட்டவருக்குச் சீனா தரும் 240 மணி நேர விசா இல்லா இடைத்தங்கல் பட்டியலில் இந்தியா இல்லை. இணையத்தில் அதைப் பார்த்துவிட்டு நம்பிப் புறப்பட வேண்டாம். சிங்கப்பூர், மலேசியக் கடவுச்சீட்டு உள்ள தமிழர்கள் 30 நாள் வரை விசா இல்லாமலே போகலாம்.

சுற்றுலாவுக்கு எல் வகை, வணிகத்துக்கு எம் வகை. எம் வகைக்குச் சீனாவில் உள்ள நிறுவனத்திடமிருந்து அழைப்புக் கடிதம் வேண்டும். கான்டன் ஃபேருக்கு வாங்குபவராக இணையத்தில் பதிவு செய்தால் கண்காட்சியே அழைப்பிதழ் தரும். விண்ணப்பத்தை இணையத்தில் நிரப்ப வேண்டும். சென்னையில் சீனத் துணைத் தூதரகம் இல்லை. எனவே பெரும்பாலானோர் டெல்லி, மும்பை, கொல்கத்தா மையங்களுக்கு முகவர் மூலம் கடவுச்சீட்டை அனுப்புகிறார்கள். கூரியருக்குப் போக வர ஆகும் நாட்களையும் சேர்த்து, பயணத்துக்கு ஐந்தாறு வாரம் முன்பே வேலையைத் தொடங்குங்கள். கடவுச்சீட்டில் ஆறு மாதத்துக்கு மேல் செல்லுபடிக்காலம் மிச்சம் இருக்கட்டும். இரண்டு வெற்றுப் பக்கங்களும் வேண்டும்.

நிறையப் பேர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. ஹாங்காங், மக்காவ் இரண்டும் சீனாவின் பகுதிகள்தாம். ஆனால் குடிவரவுக் கணக்கில் அவை வெளியூர். குவாங்சோ தெற்கு நிலையத்திலிருந்து அதிவேக ரயிலில் ஒரு மணி நேரத்தில் ஹாங்காங் போய்விடலாம். ஒரு நாள் பார்த்துவிட்டு வரலாமே என்று போனால், ஒற்றை நுழைவு விசா அந்த எல்லையைத் தாண்டியதும் முடிந்துவிடும். திரும்பி உள்ளே வர முடியாது. ஓட்டலில் வைத்துவிட்டு வந்த பெட்டியையும் எடுக்க முடியாது. ஹாங்காங் போகும் எண்ணம் துளி இருந்தாலும் இரட்டை நுழைவு விசா கேளுங்கள். இந்தியர்கள் ஹாங்காங்குக்குள் போக இணையத்தில் முன்வருகைப் பதிவும் செய்திருக்க வேண்டும்.

2025 நவம்பர் 20 முதல் சீன வருகை அட்டையை இணையத்திலேயே நிரப்பலாம். இது இலவசம். இதற்குப் பணம் கேட்கும் தளம் எதுவாக இருந்தாலும் மூடிவிடுங்கள்.

விமான டிக்கெட்

இந்தியாவுக்கும் சீனாவுக்கும் நேரடி விமானங்கள் பல ஆண்டு இடைவெளிக்குப் பிறகு 2025 அக்டோபர் 26 அன்று கொல்கத்தா–குவாங்சோ வழித்தடத்தில் மீண்டும் தொடங்கின. நவம்பரில் டெல்லியும் சேர்ந்தது. சென்னையிலிருந்து கொல்கத்தா வழியாகப் போகலாம். கோலாலம்பூர், சிங்கப்பூர் வழியாகவும் போகலாம். மலிவு என்று இரண்டு தனித்தனி டிக்கெட்டாக வாங்கும்போது கவனம்: பெட்டியை இடையில் எடுத்து மறுபடி கொடுக்க வேண்டியிருந்தால் நீங்கள் அந்த நாட்டுக்குள் நுழைந்தாக வேண்டும். சிங்கப்பூர் என்றால் அதற்கு இந்தியருக்கு விசா வேண்டும். ஒரே டிக்கெட்டாக, பெட்டி கடைசி ஊர் வரை போகும்படி எடுத்தால் இந்தத் தொல்லை இல்லை. சரக்கு மாதிரிகள் வாங்கப் போகிறவர்கள் திரும்பும் வழிக்கு மட்டுமாவது 30 கிலோ எடை எடுத்து வையுங்கள். விமான நிலையத்தில் கூடுதல் எடைக்குக் கட்டும் காசு, முன்பதிவில் ஆவதைவிடப் பல மடங்கு.

போன்: இதுதான் உங்கள் பணப்பை, வரைபடம், நாக்கு

கூகுள், ஜிமெயில், வாட்ஸ்அப், யூடியூப், ஃபேஸ்புக் எதுவும் சீன இணையத்தில் திறக்காது. ஓட்டல் வைஃபையிலும் இதே கதைதான். ஆனால் உங்கள் ஊர் சிம்மை ரோமிங்கில் போட்டால் தரவு உங்கள் ஊர் வலைப்பின்னல் வழியாக வருவதால் எல்லாமே திறக்கும். வெளிநாட்டில் வாங்கும் பயண இ-சிம்களும் இதே முறையில் வேலை செய்கின்றன. எனவே உள்ளூர் சிம் வாங்கி மிச்சம் பிடிக்க நினைக்க வேண்டாம். ஊர் சிம் உயிரோடு இருப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு: கார்டு பரிவர்த்தனைக்கு வங்கி அனுப்பும் ஓடிபி அந்த எண்ணுக்குத்தான் வரும்.

புறப்படுவதற்கு இரண்டு வாரம் முன்பே செய்து முடிக்க வேண்டியவை இவை. பணம் கட்டப் பயன்படும் சீனச் செயலிகளான அலிபே, வீசாட் இரண்டையும் இறக்கி, கடவுச்சீட்டுப் படம் கொடுத்து அடையாளச் சரிபார்ப்பை முடியுங்கள். கடவுச்சீட்டில் உள்ள பெயர் எந்த வரிசையில் இருக்கிறதோ அதே வரிசையில் இடுங்கள். முதற்பெயர், குடும்பப்பெயர் என்று பிரித்து எழுதும் வழக்கம் இல்லாத நமக்கு இங்கேதான் பெயர் பொருந்தாமல் விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது. வீசாட்டில் புதுக் கணக்குத் திறக்க ஏற்கெனவே அதில் இருக்கும் ஒருவர் உறுதி செய்ய வேண்டியிருக்கலாம். சீனாவோடு வியாபாரம் செய்யும் நண்பர் யாரையாவது ஊரிலேயே பிடித்து அதை முடித்துவிடுங்கள். பிறகு ஒரு விசா கார்டு, ஒரு மாஸ்டர்கார்டு என்று இரண்டு வேறு வங்கிக் கார்டுகளை இணையுங்கள். வங்கிச் செயலியில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையைத் திறந்துவிட மறக்க வேண்டாம். ரூபே கார்டை நம்பிப் போகாதீர்கள்.

கூகுள் வரைபடம் சீனாவில் திறந்தாலும் இடம் தள்ளிக் காட்டும், ஏனென்றால் சீன வரைபடங்கள் வேறொரு ஆயத்தொலை முறையைப் பின்பற்றுகின்றன. ஆமாப் செயலியை எடுத்துக்கொள்ளுங்கள். ஐபோன்காரர்களுக்கு ஆப்பிள் வரைபடமே போதும். மொழிபெயர்ப்புச் செயலியில் சீன மொழிப் பொதியை இறக்கி வையுங்கள், இணையம் இல்லாத நேரத்திலும் கேமராவைக் காட்டிப் படிக்கலாம். டாக்சி அழைக்கும் டிடி, அலிபேக்குள்ளேயே இருக்கிறது.

பணம்

கையில் நோட்டு வைத்துக்கொள்ளாமல் வாழும் ஊர் அது. தள்ளுவண்டி முதல் பேரங்காடி வரை கியூஆர் குறியீடுதான். அலிபே, வீசாட்டில் வெளிநாட்டுக் கார்டால் கட்டும்போது 200 யுவான் வரை கூடுதல் கட்டணம் இல்லை. அதற்கு மேல் போனால் 3 சதவீதம். இதற்கு மேல் உங்கள் வங்கி பிடிக்கும் அந்நியச் செலாவணிக் கட்டணம் தனி. பல கார்டுகளில் அது 3.5 சதவீதம் வரை போகும், அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. குறைந்த கட்டணம் பிடிக்கும் கார்டை முதலாவதாக இணையுங்கள்.

ஆனால் ஒரு விஷயத்தை யாரும் முன்பே சொல்வதில்லை. வெளிநாட்டுக் கார்டு இணைத்த கணக்கிலிருந்து கடைக்குரிய வணிகக் குறியீட்டுக்குத்தான் பணம் போகும். தனிநபர் கணக்குக்குப் பெரும்பாலும் போகாது. மொத்தச் சந்தையில் சிறு கடைக்காரர் தன் சொந்த வீசாட் குறியீட்டை நீட்டினால் உங்கள் கட்டணம் தோற்றுப்போகலாம். மாதிரி வாங்கும் இடத்தில் இது நாளுக்கு இரண்டு தடவையாவது நடக்கும். அதற்காகவே 1,000 முதல் 1,500 யுவான் ரொக்கமாக வைத்திருங்கள், பாதியை 10, 20 நோட்டுகளாக. ரொக்கத்தை மறுப்பது அங்கே சட்டப்படி தவறு, என்றாலும் சில்லறை இருக்காது.

யுவானை நம் ஊரில் மாற்றினால் விலை சரியாக அமைவதில்லை. கசங்காத டாலர் நோட்டுகளைக் கொண்டுபோய், கடவுச்சீட்டைக் காட்டி அங்குள்ள வங்கிக் கிளையில் மாற்றுவது மேல். 5,000 டாலர் மதிப்புக்கு மேல் அந்நிய நோட்டு கையில் இருந்தால் சீனச் சுங்கத்தில் அறிவிக்க வேண்டும்.

தங்குமிடம்

கண்காட்சி நடக்கும் பாஜோவை ஒட்டியே தங்க வேண்டும் என்பதில்லை. மெட்ரோவில் ஒரே மாற்றத்தில் போகக்கூடிய ஹைஜு சதுக்கம், ஷியாவ்பெய் பகுதிகள் செலவுக்கும் சாப்பாட்டுக்கும் வசதி. ஷியாவ்பெய்யில் மேற்காசிய, ஆப்பிரிக்க வணிகர்கள் நிறைய; ஹலால் உணவும் இந்திய உணவும் அங்கே கிடைக்கும். அறையை உறுதி செய்யும் முன், வெளிநாட்டவரைப் பதிவு செய்வார்களா என்று செய்தி அனுப்பிக் கேளுங்கள். மறுக்கக் கூடாது என்று அரசு சொல்லியிருந்தாலும், சின்ன விடுதிகளில் நள்ளிரவில் போய் நின்று வாதாட முடியாது.

நண்பர் வீட்டில் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அந்தப் பகுதிக் காவல் நிலையத்தில் நீங்களே போய்ப் பதிவு செய்ய வேண்டும். ஓட்டல் என்றால் அவர்களே செய்துவிடுவார்கள். ஓட்டலில் முன்பணம் பிடிப்பார்கள், ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

பெட்டிக்குள்

மின்சாரம் 220 வோல்ட், நம் சாதனங்களுக்குப் பிரச்சினை இல்லை. ஆனால் மூன்று உருண்டை முள் கொண்ட பிளக் அங்குள்ள சாக்கெட்டில் நுழையாது. தட்டையான முள் கொண்ட அடாப்டர் வேண்டும். பவர் பேங்கை இன்னும் கவனமாகப் பாருங்கள். 2025 ஜூன் 28 முதல் சீன உள்நாட்டு விமானங்களில் 3சி என்ற சீனத் தரச்சான்று முத்திரை இல்லாத பவர் பேங்குக்கு அனுமதி இல்லை. நம் ஊரில் வாங்கியதில் பெரும்பாலும் அந்த முத்திரை இருக்காது; குவாங்சோவிலிருந்து வேறு சீன நகருக்குப் பறக்கும்போது சோதனையில் பிடுங்கிவிடுவார்கள். உள்நாட்டுப் பயணத்தை ரயிலில் வைத்துக்கொள்ளுங்கள், அல்லது முத்திரை உள்ளதை அங்கேயே வாங்குங்கள்.

மாத்திரைகளை மருத்துவர் சீட்டோடு, கடை அட்டையிலேயே எடுத்துப் போங்கள். காலுக்குப் பழகிய காலணி போடுங்கள். கண்காட்சிக் கூடத்தில் நாளெல்லாம் நடைதான். வணிகத்துக்குப் போகிறவர்கள் நூறு முகவரி அட்டையாவது வைத்திருங்கள்.

இறங்கியதும்

கடிகாரத்தை இரண்டரை மணி நேரம் முன்னே தள்ளுங்கள். பையுன் விமான நிலையத்தில் மூன்று டெர்மினல்கள்; மூன்றாவது 2025 அக்டோபர் இறுதியில்தான் திறந்தது. மெட்ரோ லைன் 3 ஒன்று, இரண்டாம் டெர்மினல்களுக்கு வருகிறது. ஊருக்குள் போக 7, 8 யுவான்தான், முக்கால் மணி நேரம். பெட்டி கனமாக இருந்து, அலுவலக நேரத்தில் இறங்கினால் டாக்சியே நல்லது. லைன் 3-இல் தியூ ஷீலு நிலையத்தில் அந்த நேரத்தில் பெட்டியோடு நிற்கவே முடியாது. டாக்சி 120 முதல் 150 யுவான் ஆகலாம். வரிசையில் நின்று ஏறுங்கள். வாசலில் வந்து கூப்பிடுபவரோடு போகாதீர்கள். ஓட்டலின் பெயரையும் முகவரியையும் சீன எழுத்தில் படம் பிடித்து வைத்திருந்தால் பேச்சே தேவையில்லை.

மெட்ரோவில் முதல் 4 கிலோமீட்டருக்கு 2 யுவான், பிறகு தூரத்துக்கு ஏற்ப ஒவ்வொரு யுவானாகக் கூடும். நுழைவாயில் எல்லாவற்றிலும் பை சோதனை உண்டு. இரவு பதினொரு மணியோடு மெட்ரோ ஓட்டம் பெரும்பாலும் முடிந்துவிடும். கண்காட்சிக்கு லைன் 8-இல் ஷின்காங்டோங் அல்லது பாஜோ நிலையத்தில் இறங்க வேண்டும். கடவுச்சீட்டு எப்போதும் உடலோடு இருக்கட்டும், சட்டமே அப்படித்தான்.

ரயில் பிடிக்கும்போது நிலையத்தின் பெயரை இரண்டு முறை படியுங்கள். குவாங்சோ, கிழக்கு, தெற்கு, பையுன் என்று நான்கு பெரிய நிலையங்கள் ஒன்றுக்கொன்று தூரத்தில் இருக்கின்றன. அதிவேக ரயில்களில் பெரும்பகுதி தெற்கு நிலையத்திலிருந்து. ஊர் நடுவிலிருந்து அங்கே போகவே முக்கால் மணி நேரம் ஒதுக்குங்கள். கடவுச்சீட்டே டிக்கெட், தனிக் காகிதம் கிடையாது.

சந்தைகள்

துணிக்கு ஜோங்டா, லைன் 8. தோல் பைகளுக்கு சான்யுவான்லி, லைன் 2. பொம்மை, எழுதுபொருள், அலங்காரப் பொருட்களுக்கு யீதெலு, லைன் 6. தைத்த உடைகளுக்கு ஷிசான்ஹாங். இது அதிகாலையில் சூடு பிடித்து மதியத்தோடு அடங்கிவிடும். பதினொரு மணிக்குச் சோம்பலாகப் போனால் கடைக்காரர்கள் மூட்டை கட்டிக்கொண்டிருப்பார்கள். மற்ற சந்தைகளுக்குக் காலை பத்து மணி சரியான நேரம். மரச்சாமானுக்குப் பக்கத்து நகரான ஃபோஷான், விளக்குகளுக்கு ஜோங்ஷானின் குசென் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு முழு நாள் வேண்டும்.

விலை கேட்கும்போதே குறைந்தபட்ச எண்ணிக்கை எவ்வளவு என்பதையும் கேளுங்கள். மாதிரி ஒன்றின் விலையும் நூறின் விலையும் வேறு வேறு. முன்பணத்தைத் தனிநபர் கணக்குக்கு அனுப்பச் சொன்னால் நிறுத்திக்கொள்ளுங்கள். நிறுவனப் பெயரில் உள்ள கணக்குக்கு மட்டும் அனுப்புங்கள். பெரிய பிராண்டு பெயர் போட்ட போலிப் பைகளையும் கடிகாரங்களையும் தொடவே வேண்டாம், நம் சுங்கத்தில் பறிமுதல் ஆகும். பொம்மைகளுக்கு இந்தியாவில் 2021 முதல் பிஐஎஸ் தரச்சான்று கட்டாயம் என்பதால், சான்று இல்லாத தயாரிப்பாளரிடம் கொடுக்கும் முன்பணம் வீண்.

சாப்பாடு

அசைவம் சாப்பிடுபவர்களுக்குக் குவாங்சோ சொர்க்கம். சைவ உணவுக்காரர்கள் மட்டும் தயாராகப் போக வேண்டும். "காய்கறிதான்" என்று கொண்டுவரும் தட்டிலும் சிப்பிச் சாறும் பன்றிக் கொழுப்பும் கோழிச் சாறும் இருக்கும். அதை அவர்கள் இறைச்சியாக நினைப்பதில்லை. எனவே "சைவம்" என்ற ஒரு சொல் போதாது. "இறைச்சி, மீன், சிப்பிச் சாறு, விலங்குக் கொழுப்பு, இறைச்சிச் சாறு எதுவும் வேண்டாம், புத்தத் துறவிகள் சாப்பிடுவது போல" என்று முழு வாக்கியமாகச் சீனத்தில் எழுதி போனில் வைத்திருங்கள். துறவி என்ற சொல் உடனே புரியும். புத்தக் கோயில்களின் பக்கத்தில் உள்ள சைவ உணவகங்கள் நம்பகமானவை. குழாய்த் தண்ணீரைக் குடிக்க வேண்டாம். அறையில் கெட்டில் இருக்கும், காய்ச்சிக்கொள்ளலாம்.

மெட்ரோவில் சாங்ஷோலு நிலையத்தில் இறங்கினால் ஹுவாலின் என்ற புத்தக் கோயில். போதிதருமர் கடல் வழியாக வந்து கால்வைத்த இடம் இது என்பது அவ்வூர் மரபு. அவரைக் காஞ்சிபுரத்தோடு சேர்த்துச் சொல்லும் மரபும் நமக்கு உண்டு. ஒரு மணி நேரம் ஒதுக்கலாம்.

செலவுக் கணக்கு

ஒருவர், ஆறு இரவு, ஏழு நாள், கண்காட்சி இல்லாத காலம். கணக்குப் போட யுவானுக்கு 13 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். சுத்தமான நடுத்தர அறை இரவுக்கு 280 யுவான் என்றால் ஆறு இரவுக்கு 1,680. ஒரு நாள் சாப்பாடு 100 (காலை 15, மதியம் 30, இரவு 45, தண்ணீரும் தேநீரும் 10), மெட்ரோ 25, ஒரு டாக்சி 30, நுழைவுச் சீட்டும் இதரமும் 30. நாளுக்கு 185, ஏழு நாளுக்கு 1,295. விமான நிலைய மெட்ரோவும் சேர்த்தால் மொத்தம் சுமார் 3,000 யுவான், அதாவது 39,000 ரூபாய். இதோடு விமானம் 35,000, விசாவும் முகவர் கட்டணமும் கூரியரும் 7,000, ரோமிங் 3,000, காப்பீடு 1,000. கூட்டினால் 85,000. பத்து சதவீதம் ஒதுக்கீடு சேர்த்து 93,500.

அதே பயணம் கண்காட்சி நாட்களில் என்றால் அறை 600 யுவான் ஆகும்; அறைக்கு மட்டும் சுமார் 25,000 ரூபாய் கூடும். விமானத்துக்கு இன்னொரு 10,000. ஒதுக்கீட்டோடு 1,32,000. வித்தியாசத்தில் பெரும்பங்கு அறையில்தான் இருக்கிறது என்பதால், கண்காட்சிக்குப் போகிறவர்கள் விசா கைக்கு வரும்வரை காத்திராமல், இலவசமாக ரத்து செய்யக்கூடிய அறையை மூன்று மாதம் முன்பே பிடித்து வையுங்கள். இருவர் சேர்ந்து போனால் ஒரே அறையில் தலைக்கு 300 ஆகிவிடும். உணவிலும் டாக்சியிலும் கஞ்சத்தனம் பார்த்து மிச்சமாகும் தொகை இதில் பாதிகூட வராது.

வணிக மாதிரிகளுக்கான பணத்தை இந்தக் கணக்கில் கலக்காதீர்கள். தனிக் கார்டு, தனி உறை.

திரும்பும் நாள்

விமானத்துக்கு மூன்றரை மணி நேரம் முன்பே நிலையத்தில் இருங்கள். வெளிநாட்டுப் பயணிகளுக்கு வரியைத் திருப்பித் தரும் கடைகளில் ஒரே நாளில் ஒரே கடையில் 200 யுவானுக்கு மேல் வாங்கியிருந்தால், பொருளையும் படிவத்தையும் சுங்கத்தில் காட்டி முத்திரை வாங்கிய பிறகுதான் பெட்டியை ஒப்படைக்க வேண்டும். இந்த வரிசைமுறை மாறினால் பணம் வராது. மிச்ச யுவான் நோட்டுகளை உள்ளே போகும் முன் மாற்றிவிடுங்கள். மாதிரிகளுக்கு வாங்கிய ரசீதுகளைக் கைப்பையில் வையுங்கள், சென்னைச் சுங்கத்தில் முதலில் கேட்பது அதைத்தான். ஒரே பொருள் பத்து இருபது எண்ணிக்கையில் இருந்தால் அது பயணியின் சொந்தப் பொருளாகக் கருதப்படாது. அப்படிப்பட்டதைப் பெட்டியில் திணிக்காமல் சரக்காக முறைப்படி அனுப்புங்கள்.